வியாழன், பதினொன்றேகால்

முதலில் வந்தது பித்தப்பைக்கான பில்.
வெட்டி எடுத்ததற்கு
இருபத்தோராயிரம் டாலர்.
என் பித்தப்பை என்னிடமேதான் இருக்கிறது.
நேற்றிரவு தின்ற ஹெர்ரிங் மீனுக்கு
இன்னமும் முணுமுணுத்துக்கொண்டு.

நான் ஐலா காங்காஸ்.
டுலூத் துறைமுகத்தில்
தூக்குப்பாலம் இயக்குபவள்.
இரும்புத்தாது ஏற்ற வரும் கப்பல்
ஏரியில் நின்று ஊதும்:
நெடில், குறில், நெடில், குறில்.
அதே அளவில் நான் திருப்பி ஊதிய பிறகுதான்
பாலம் எழும்.
இருபத்தாறு வருடத்தில்
ஊதாத எதற்கும் வழிவிட்டதில்லை.

அப்படிப்பட்ட நான்தான்
பிப்ரவரியில் ஒரு மதியம்
இடுப்புப் பட்டை இலவசம் என்ற குரலுக்கு
காப்பீட்டு அட்டையின் எண்ணை
எழுதிக்கொள்ள நேரம் கொடுத்து
ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன்.
உங்கள் முதுகு பாவம், என்றது அந்தக் குரல்.
அந்த வாரம்
வேறு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மருத்துவமனைக் கணினியில்
என் ரத்தம் வகை மாறியிருந்தது.
பென்சிலின் ஆகாது என்ற சிவப்பு வரி
காணாமல் போயிருந்தது.
ஒன்பது வயதில் தொண்டை அடைத்து
நான் நீலம் பாரித்துக் கிடந்ததை
யாரோ ஒருத்தியின் உடம்பு
துடைத்துவிட்டுப் போயிருந்தது.

முழுக் கோப்பையும் காட்டுங்கள் என்றேன்.
"முடியாது. இதில்
இன்னொருவருடைய அந்தரங்கம் இருக்கிறது."
"என் பெயரில்தானே?"
"உங்கள் பெயரில்தான்."
பதிவுப் பிரிவுப் பெண்ணும் நானும்
அந்த வாக்கியத்தையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் உறைகளைக் கிழிக்காமல்
பொடிப்பொடியாக நறுக்கினேன்.
கடவுச்சொல்லை மாற்றினேன், மறந்தேன், மாற்றினேன்.
போலீசில் எழுதிக் கொடுத்தேன்.
பின்னிஷ் மொழியில் எனக்குத் தெரிந்த வசவெல்லாம்
ஒரே வாரத்தில் தீர்ந்தது.

ஏப்ரலில் ஒரு மெல்லிய உறை.
மார்பகத் திசு ஆய்வு. இடது.
முடிவை நேரில் விளக்க வேண்டியிருக்கிறது.
வியாழன், பதினொன்றேகால்.
துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்.

இரவெல்லாம்
என் கை என் இடப்பக்கத்தை விட்டு நகரவில்லை.
விடிந்ததும்தான் உறைத்தது:
எனக்கு யாரும் ஊசி போடவில்லையே.
சிரித்தேன்.
காப்பி போட்டேன்.
பாதிக் கோப்பையில் சிரிப்பு நின்றது.

எனக்குத் தெரிந்துவிட்டது.
உடம்புக்குரியவளுக்கு
இன்னும் தெரியாது.

மோசடிப் பிரிவில் டேல் வுகோவிச்
நல்லவர், வேகமானவர்.
"அட்டையை இப்போதே முடக்கிவிடுகிறேன்."
"இன்று என்ன கிழமை?"
"செவ்வாய்."
"வெள்ளிக்கிழமை முடக்குங்கள்."
மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.
"மேடம், அவள் திருடி."
"தெரியும்.
என் ரத்தத்தைத் திருப்பித் தாருங்கள்,
அந்தச் சிவப்பு வரியையும்.
வெள்ளிக்கிழமை."

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன்.
ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.
ஏழாம் மாடிக் காத்திருப்பறை,
ஜன்னலுக்கு வெளியே ஏரி,
கரையோரம் இன்னும் உடையாத பனி.
கதவு திறந்து ஒரு நர்ஸ்
"ஐலா?" என்றாள்.

ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம்,
என் முழங்கால் எழப் பார்த்தது.
நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

எதிர்வரிசையில் சாம்பல்நிற மேலங்கிக்காரி
ஒரு கணம் பிந்தி எழுந்தாள்.
என்னைவிட இளையவள்.
பனிக்காலப் பூட்ஸில்
கயிற்றுக்குப் பதில் மின்கம்பி.
"துணைக்கு யாராவது?" என்று கேட்டாள் நர்ஸ்.
அவள் தலையசைத்தாள், இல்லை என்று.

என் பெயர்
தனியாகத்தான் உள்ளே போனது.

கதவு மூடியது.
கீழே எங்கோ ஒரு கப்பல் ஊதியது,
நெடில், குறில், நெடில், குறில்.
பதில் சொல்ல
இன்று என் முறை இல்லை.